செகாக் தாளில் நின்றுவிடும் எண்

மாணவர்களே, செகாக் சோதனை நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று நிமிடம் பெஞ்சில் ஏறி இறங்குவீர்கள், தண்டால் எடுப்பீர்கள், காலை நீட்டி உட்கார்ந்து விரல் நுனியைத் தாண்டிக் கையைக் கொண்டுபோகப் பார்ப்பீர்கள். இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே வரும் சிலர், நிறுவையின் முறை வந்ததும் காணாமல் போய்விடுவார்கள். ஒருவருக்கு வயிற்றுவலி, இன்னொருவருக்கு அவசரமாகக் கழிவறை. எப்படியோ எல்லாருடைய உயரமும் எடையும் பதிவாகிவிடும். பி.எம்.ஐ. என்னும் உடல் நிறைக் குறியீட்டையும் கணக்கிட்டுவிடுவோம். பிறகு அந்தத் தாள் கோப்புக்குள் போகும். அவ்வளவுதான்.

அந்த எண் கோப்போடு நின்றுவிடக் கூடாது, சில மாணவர்களுக்கு அது ஓர் இரத்தப் பரிசோதனை வரை போக வேண்டும் என்பது என் கருத்து. காரணம், கல்லீரல்.

கல்லீரல் உயிரணுக்களில் 100க்கு 5 அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு தேங்கியிருந்தால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறார்கள். கல்லீரல் கெடுவது குடிகாரர்களுக்குத்தான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மதுவைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளுக்கும் இது வருகிறது. அமெரிக்காவின் சான் டியாகோ வட்டாரத்தில் 1993 முதல் 2003 வரை எதிர்பாராமல் இறந்துபோன, 2 முதல் 19 வயது வரையிலான 742 பேரின் கல்லீரல் திசுக்களை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். அதைக் கொண்டு கணக்கிட்டதில், அவ்வட்டாரத்துப் பிள்ளைகளில் பத்தில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்தக் கொழுப்பு இருப்பது தெரிந்தது. உடல் பருமன் உள்ளவர்களில் அது 38 விழுக்காடு. நம் நாட்டுக் கதை என்ன? 2022ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, இடைநிலைப்பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு நோய்களும் நெருங்கிய உறவுக்காரர்கள்.

பல்லில் ஓட்டை விழுந்தால் வலிக்கும். கல்லீரலுக்குள் கொழுப்பு சேர்ந்தால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. சிலருக்கு அந்தக் கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, கல்லீரலே இறுகிப்போகும். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. கொழுப்பு மட்டுமே சேர்ந்திருக்கும் கட்டத்தில் அதைக் குறைத்துவிடலாம் என்பதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு.

வட அமெரிக்கக் குழந்தைநல செரிமான மருத்துவர்களின் சங்கம் 2017இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. உடல் பருமன் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும், அதிக எடையோடு இன்சுலின் கோளாறோ குடும்பத்தில் கொழுப்புக் கல்லீரலோ உள்ளவர்களுக்கும் 9 முதல் 11 வயதுக்குள் ஏ.எல்.டி. என்னும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அது. ஏ.எல்.டி. என்பது கல்லீரல் உயிரணுக்களுக்குள் வேலை செய்யும் நொதி. உயிரணு காயப்பட்டால் அது இரத்தத்தில் கசியும். ஒரு லிட்டருக்குப் பெண்களுக்கு 22 அலகு, ஆண்களுக்கு 26 அலகு வரை இயல்பு. இந்த அளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், மூன்று மாதத்துக்கும் கூடுதலாக நீடித்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும். அல்ட்ராசவுண்ட் எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். குறைந்த அளவுக் கொழுப்பை அது தவறவிட்டுவிடும் என்பதால் அவ்வழிகாட்டி அதைப் பரிந்துரைக்கவில்லை.

ஏ.எல்.டி.யும் குறையில்லாத சோதனையன்று. கொழுப்பு இருந்தும் அளவு இயல்பாக இருக்கலாம், வேறு நோயாலும் அளவு கூடலாம். சான்று போதவில்லை என்று அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர்களின் அமைப்பு 2018இல் எந்தப் பரிந்துரையும் செய்யாமல் விட்டுவிட்டது. மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

இதைப் பாடத்தில் சொன்னபோது படிவம் 4 மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், மருந்து சாப்பாடும் விளையாட்டும்தான் என்றால், எதற்கு ஊசி? எல்லாரிடமும் இனிப்பைக் குறைக்கச் சொல்லிவிடலாமே?" நல்ல கேள்வி. அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எல்லாருக்கும் சொல்லும் அறிவுரையை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை, நானே எடுத்துக்கொண்டதில்லை. ஏ.எல்.டி. கூடியிருப்பதைத் தேடிப் போகும்போது, உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் போன்ற வேறு நோய்களும் அகப்படும். அவற்றுக்கு மருந்து உண்டு.

சாப்பாட்டின் வலிமைக்கும் சான்று உண்டு. 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் கொழுப்புக் கல்லீரல் உள்ள, 11 முதல் 16 வயது வரையிலான 40 பையன்கள் கலந்துகொண்டார்கள். சேர்க்கப்படும் சர்க்கரையை மிகவும் குறைத்த பிரிவினருக்கு எட்டே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 25 விழுக்காட்டிலிருந்து 17 ஆக இறங்கியது. வழக்கம்போல் சாப்பிட்டவர்களுக்கு 21இலிருந்து 20. இதில் நான் அடிக்கோடிடுவது வேறொன்றை: அந்த எட்டு வாரமும் வீட்டில் உள்ள அனைவருக்கும் அதே சாப்பாடு. அப்பா தே தாரேக்கும் தங்கை சிரப் பண்டோங்கும் குடிக்கும் மேசையில் ஒரு பையனை மட்டும் வெறுந்தண்ணீர் குடிக்கச் சொல்லி அங்கே சோதிக்கவில்லை.

எனக்குப் பயம் ஒன்றுதான், கூச்சம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992 முதல் 2007 வரை 'டாஃப்' என்றொரு திட்டம் இருந்தது. எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று பொருள். பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர் எங்கள் எடையை வகுப்பு முழுவதும் கேட்க வாசித்தார். அன்று யார் எத்தனை கிலோ என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்களுக்கும் மறந்திருக்காது.

ஆகவே நான் கேட்பது சிறியது. எண் தேவைப்படும் மாணவரின் வீட்டுக்கு மட்டும், ஒட்டிய உறையில் ஒரு கடிதம். அதில் திட்டும் இல்லை, உணவுப் பட்டியலும் இல்லை. சுகாதார கிளினிக்கில் ஏ.எல்.டி. பார்த்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரி. அப்படி ஒரு கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் கொடுங்கள், பையின் அடியில் புதைக்காதீர்கள்.

கடிதத்தை நான் தனியாக முடிவு செய்ய முடியாது. அடுத்த செகாக் நாளில் நிறுவையைத் திரைக்குப் பின்னால் வைக்கும்படி எங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். ஆய்வுக்கூடத்துப் பழைய திரைச்சீலையைத் துவைத்துக் கொடுத்தால் சரி என்றிருக்கிறார்.