4 வருடக் குத்தகை, 24 வருடக் கடன்

ஓசூர்ப் பக்கம் ஒரு கிளையில் விவசாயக் கடன் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஜெர்பரா போடுகிற பசுமைக்குடில் ஒன்றுக்குக் கடன் கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். கடன் 7 வருடம். மேலே போர்த்துகிற ஷீட்டு நல்லா உழைச்சா 4 வருடம். இரண்டும் திட்ட அறிக்கையில் வேற வேற பக்கத்தில் இருந்தன. சேர்த்து வைத்துப் பார்க்காதது என் தப்புதான். நாலாம் வருடம் ஷீட்டு கிழிந்தது. பாதித் தவணை பாக்கி நிற்கும்போதே, புது ஷீட்டுக்காக அந்த விவசாயி வெளியில் வட்டிக்கு வாங்கினார். அதற்குப் பிறகு எந்தத் திட்டம் என் மேசைக்கு வந்தாலும், பொருள் எத்தனை நாள் உழைக்கும், கடன் எத்தனை நாள் ஓடும் என்றுதான் முதலில் கேட்பேன்.

இப்போது ஏஐ தரவு மையங்களைப் பற்றிப் படிக்கும்போதும் அதே கேள்விதான் வருகிறது. நம் கூட்டங்களில் தம்பிகள், "ஐயா, இவ்வளவு பணத்தை விவரம் தெரியாமலா கொட்டுவாங்க?" என்கிறார்கள். வங்கியில் இருந்தவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ரிச்லேண்ட் என்று ஒரு மாவட்டம். சோயா விளைந்த விவசாய நிலம், 2,250 ஏக்கர். அங்கேதான் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வைத்திருக்கும் மெட்டா கம்பெனி தன் பெரிய தரவு மையத்தைக் கட்டுகிறது. 2024 டிசம்பரில் அறிவித்தபோது 1,000 கோடி டாலர் திட்டம். 2025 அக்டோபரில் பணம் திரட்டும்போது 2,700 கோடி டாலர் ஆகிவிட்டது.

பணம் திரட்டிய விதத்தைப் பாருங்கள். கட்டடத்தில் 80 சதவீதம் புளூ அவுல் என்ற நிதி நிறுவனத்தின் கையில், 20 மட்டும் மெட்டாவுக்கு. கடன் பத்திரங்கள் முதிர்வது 2049இல். மெட்டா கையெழுத்திட்ட குத்தகையோ முதலில் 4 வருடத்துக்குத்தான். பிடித்தால் நீட்டிக்கலாம், இல்லாவிட்டால் விலகலாம். விலகினால் மதிப்பு இறங்கியதற்கு ஈடு தருவதாக உத்தரவாதம் உண்டு, அதற்கும் ஒரு வரம்பு உண்டு. பத்திரத்தை அதிகம் வாங்கியது பிம்கோ. அடுத்தவர்களின் ஓய்வூதியப் பணத்தையெல்லாம் நிர்வகிக்கிற நிறுவனம் அது. பென்ஷன் வாங்குகிறவன் என்பதாலோ என்னவோ, எனக்கு இது உறுத்துகிறது.

உள்ளே வைக்கிற மெஷின் கதை இன்னும் வேடிக்கை. 2025 தொடக்கத்தில் மெட்டா தன் சர்வர்களின் ஆயுளை ஐந்தரை வருடமாக நீட்டி எழுதிக்கொண்டது. தேய்மானம் குறையும், லாபம் கூடித் தெரியும். அதே நேரத்தில் அமேசான், ஏஐ துறையில் தொழில்நுட்பம் வேகமாக மாறுவதைக் காரணம் சொல்லி, தன் சர்வர்களில் ஒரு பகுதிக்கு ஆயுளை 6 வருடத்திலிருந்து 5 ஆகக் குறைத்தது. எது நிஜம்? ஷீட்டு கிழியும்போதுதான் தெரியும்.

மின்சாரத்துக்காக என்டர்ஜி என்ற கம்பெனி மூன்று எரிவாயு நிலையங்கள் கட்டுகிறது. சுமார் 2,260 மெகாவாட். 2025 ஆகஸ்டில் மாநில ஆணையம் அனுமதி கொடுத்தது. மெட்டாவுடன் ஒப்பந்தம் 15 வருடம். நிலையம் 30 வருடத்துக்கு மேல் நிற்கும். மிச்ச வருடங்களின் செலவு யார் தலையில்? அந்த ஊர் வீட்டுக்காரரும் விவசாயியும் கட்டுகிற மின்கட்டணத்தில்தான் வந்து விழும் என்று அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் ஆணையத்திடமே வாதாடின.

சரி, வருமானம்? சாட்ஜிபிடி நடத்தும் ஓப்பன்ஏஐயின் தலைவர் சாம் ஆல்ட்மன் 2025 நவம்பரில் சொன்ன கணக்கு இது. வருட முடிவில் வருமானம், ஆண்டுக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் என்ற வேகத்தை எட்டும். ஒப்புக்கொண்டிருக்கும் செலவு, 8 வருடத்துக்குச் சுமார் 1.4 லட்சம் கோடி டாலர். சராசரி போட்டால் வருடத்துக்கு 17,500 கோடி. வருமானம் பல மடங்கு வளரும் என்கிறார். வளரலாம். நான் பார்த்த திட்ட அறிக்கைகளிலும் மகசூல் வருடா வருடம் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

ஏஐ உதவாது என்று சொல்லவில்லை. என் மண் பரிசோதனை அறிக்கையை அதில் போட்டு விளக்கம் கேட்டிருக்கிறேன், நல்லாவே சொன்னது. காசு மட்டும் நான் கொடுக்கவில்லை.

2000 வாக்கில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு கம்பெனிகள் கண்ணாடி இழை கேபிளைக் கடன் வாங்கிப் புதைத்தன. 2002இல் வேர்ல்டுகாம் திவாலானது. போட்டவர்கள் பணம் போனாலும் கேபிள் மண்ணுக்குள் இருந்தது, பின்னால் வந்த இணையத்துக்கு அது உதவியது என்று இப்போது சமாதானம் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் புதைத்த கேபிள் பத்து வருடம் காத்துக் கிடக்கும். ஐந்து வருடச் சிப்பு காத்திருக்காது. கட்டடமும் மின்கம்பியும் மிஞ்சும், மெஷினுக்கு மறுபடி முதல் போடணும்.

இந்த மனு என் மேசைக்கு வந்திருந்தால், குத்தகையையும் 2049 வரை எழுதிக்கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.