கணக்குக் கேட்கும் ரசிகன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

வெற்றி பெறும் அணிக்கு ரசிகனாக இருப்பது எளிது. நிழல் இருக்கும் பக்கம் கூட்டம் தானே வந்து சேரும். தோற்கும் அணியைக் கைவிடாமல் நிற்பதுதான் கடினம். அப்படி நிற்பவனுக்கு ஓர் உரிமை உண்டு. அது கேள்வி கேட்கும் உரிமை. அந்த உரிமையோடுதான் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியைப் பற்றி இங்கே எழுத முனைகிறேன்.

தெருவுக்குத் தெரு கிரிக்கெட் மட்டை முளைத்திருக்கும் நம் வட்டாரத்தில் கால்பந்துப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அது 2018 மார்ச் 17ஆம் நாள் வந்தது. இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டம். பெங்களூரு அணியை அதன் சொந்த ஊரிலேயே சந்தித்தது நம் அணி. சுனில் சேத்ரி முதல் கோலை அடித்தார். நம்மவர்கள் தளரவில்லை. மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டிப் பந்தை உள்ளே தள்ளினார். ரஃபேல் அகஸ்டோ இன்னொன்று அடித்தார். 3-2 என்று கோப்பை நமக்கு! அதற்கு முன் 2015இலும் இதே 3-2 கணக்கில் கோவாவை வென்று கோப்பை கொண்டுவந்த அணி இது. சென்னையை வெள்ளம் சூழ்ந்த ஆண்டு அது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி வென்று, இறுதிக்குப் போய், அழுது கொண்டிருந்த நகரத்தைச் சிரிக்க வைத்தார்கள். இப்படிப்பட்ட அணியின்மேல் பன்னிரண்டு வயதுப் பையன் பாசம் வைத்ததில் வியப்பென்ன?

ஏறிய அணி இறங்கிய கதை

கணித மாணவன் ஆதலால் எண்களையே பேசவிடுகிறேன். கோப்பை வென்ற அடுத்த பருவத்திலேயே, 2018-19இல், 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி. கிடைத்தவை 9 புள்ளிகள். பட்டியலில் கடைசி இடம். 2019-20இல் ஓவன் காய்ல் என்ற பயிற்சியாளர் நடுவில் வந்து, விழுந்து கிடந்த அணியைத் தூக்கி இறுதி ஆட்டம்வரை கொண்டு சென்றார். லிதுவேனிய வீரர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். இறுதியில் தோற்றாலும் நம்பிக்கை பிறந்தது.

பிறந்த நம்பிக்கையை வளர்க்க வேண்டாமா? அடுத்த பருவத்தில் பயிற்சியாளரும் இல்லை, கோல் அடித்தவரும் இல்லை. இருவரும் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போயினர். 2021-22இல் அதே காய்ல் ஜாம்ஷெட்பூரை லீக் பட்டியலில் முதலிடத்திற்குக் கொண்டு சென்றார். நமக்கோ மூன்று பருவங்களில் மூன்று புதிய பயிற்சியாளர்கள். மூன்று முறையும் எட்டாம் இடம்! 2020-21இல் 20 ஆட்டங்களில் 11 ஆட்டங்கள் சமனில் முடிந்தன. தோற்காமல் இருந்தால் போதும் என்று ஆடியவர்களால் வெல்ல முடியவில்லை. 2023இல் காய்ல் திரும்பி வந்தார். ஆறாம் இடம் பிடித்தோம், மூச்சு வந்தது. 2024-25இல் மீண்டும் சரிந்து பதினோராம் இடம்.

விடுமுறை நாள்களில் நெல் மூட்டை தூக்கிச் சேர்த்த கூலியில் அந்தப் பருவத்து ஆட்டம் ஒன்றுக்குப் போனேன். உத்திரமேரூரில் பேருந்து ஏறி, செங்கல்பட்டில் மின்சார ரயில் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி நேரு விளையாட்டரங்கம் செல்ல வேண்டும். ஆட்டம் முடிந்து திரும்பினால் ஊருக்குப் பேருந்து இராது. செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில்தான் விடியும். தோல்வியோடு காலையில் வீடு வந்தவனை என் தந்தை கடிந்துகொள்ளவில்லை. “வெள்ளாம பொய்ச்சுப்போச்சின்னு நெலத்த உட்டுட்டா போயிட்றோம்? ஆனா ஏன் பொய்ச்சுதுன்னு பாக்காம அடுத்த போகம் வெதக்கமாட்டோம்டா” என்றார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவருக்குத் தெரிந்த இந்த உண்மை, படித்தவர்கள் நடத்தும் அணிக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

மண்ணில் ஆளில்லையா?

தமிழ்நாட்டில் கால்பந்துத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நம் அணி கடைசி இடத்தில் கிடந்த அதே 2018-19 பருவத்தில், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. அதே பருவத்தில் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் இந்திய மகளிர் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் அடித்த சைமன் சுந்தர்ராஜ் தமிழர். அதற்குப் பின் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவே இல்லை.

வியாசர்பாடி தந்த தனபால் கணேஷ் 2018இல் கோப்பை வென்ற நம் அணியில் இருந்தார். நெய்வேலியின் எட்வின் வன்ஸ்பாலும் நீலச் சட்டை அணிந்து ஆடினார். ஆனால் நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை வீழ்த்திய கோலை அடித்தபோது அணிந்திருந்தது ஈஸ்ட் பெங்கால் சட்டை. சிவசக்தி 2022 டூரண்ட் இறுதியில் கோல் அடித்தது பெங்களூருக்காக. நம் பிள்ளைகள் பிற ஊர்களில் விளக்கேற்ற, நம் வீடு இருண்டு கிடப்பது முறையா?

எல்லாப் பழியையும் அணியின்மேல் சுமத்துவதும் நேர்மை ஆகாது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிய இருந்தது. புதிய ஒப்பந்தம் உருவாகாததால் 2025இல் லீக் தொடங்கவே இல்லை. அந்த ஆகஸ்டில் நம் அணி தன் பணிகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஆட்டக்காரன் ஊதியமின்றித் தவிப்பதைக் கண்டு எந்த ரசிகனும் மகிழமாட்டான். ஆயினும் எட்டாம் இடமும் பதினோராம் இடமும் அந்த நெருக்கடிக்கு முன்பே வந்தவை அல்லவா?

கல்வெட்டு காட்டும் வழி

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே அன்று சபையில் இடம். என் பாட்டன்மாருக்கு அங்கே இடம் இருந்திராது. அதை மறந்து பெருமை பேச என்னால் இயலாது. ஆனால் அந்தச் சுவரில் ஒரு விதி இருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரக்கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரியின் கணக்கைக் கேட்ட ஊர் இது. ஓர் அணியின் கணக்கை நாம் கேட்பதில் என்ன பிழை?

நான் கேட்பவை மூன்று. பருவம் முடிந்ததும், எங்கே தவறினோம், இனி என்ன செய்வோம் என்று நிர்வாகம் ரசிகர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லட்டும். பயிற்சியாளரை ஆண்டுக்கொரு முறை மாற்றாமல் மூன்று ஆண்டாவது பொறுத்திருக்கட்டும். ஆட்டக்காரர் தேர்வை மாநகர எல்லையோடு நிறுத்தாமல், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் அரசுப் பள்ளி மைதானங்களுக்கும், நம்போன்ற கல்லூரிகளுக்கும் கொண்டு வரட்டும். வெறுங்காலோடு பந்தை விரட்டும் பையனுக்குத் திறமை உண்டு; செங்கல்பட்டைத் தாண்டப் பேருந்துக் கட்டணம்தான் இல்லை.

இடித்துரைப்பார் துணையில்லாத மன்னன், கெடுப்பார் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. கைதட்ட மட்டும் தெரிந்த கூட்டம் அணியைக் காக்காது. மாணவ நண்பர்களே! தோற்றாலும் அரங்குக்குப் போவோம்; தொண்டை வற்றக் குரல் கொடுப்போம்; ஆட்டம் முடிந்தபின் கணக்கும் கேட்போம். அணியைத் தன்னுடையது என்று நினைப்பவன்தான் கணக்குக் கேட்பான்.

வெல்க நம் அணி! வளர்க தமிழ்நாட்டுக் கால்பந்து!