வெளியே பட்டன்; உள்ளே மொட்டை!

கார் புதுசு. பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. டயர் அகலம். வெளிப்பக்கம் பட்டன் நன்றாகவே இருக்கிறது. அதே டயரின் உள் ஓரத்தில் ரப்பரே இல்லை. கம்பி பல்லைக் காட்டுகிறது!

சென்னையில் வேகக் கார்கள் பெருகிவிட்டன. அண்ணா சாலை சிக்னலில் உறுமிக்கொண்டு நிற்கின்றன. ஞாயிறு விடிந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கின்றன. இந்தக் கார்களின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்வது சகஜமான கோளாறு என்பது டயர் கடைக்காரர்களுக்குத் தெரியும். கார்க்காரர்களுக்குத்தான் தெரிவதில்லை.

கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"என்னப்பா, போன வருஷம்தானே நாலு டயரும் மாத்தினேன்! அதுக்குள்ள போச்சுங்கிறே?"

"டயர் மேல தப்பு இல்லே, சார். வீலு சாய்ஞ்சு நிக்குது. புதுசு போட்டாலும் இதே கதிதான். முதல்ல அலைன்மென்ட் பாருங்க."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். டயரைப் போடு, நேரமாச்சு."

இந்த "அப்புறம்" இருக்கிறதே, அதில்தான் ஆபத்து இருக்கிறது.

சாய்வு ஏன்?

வேகக் காரின் சக்கரம் செங்குத்தாக நிற்பதில்லை. அதன் மேல்பக்கம் காருக்கு உள்ளே சற்றுச் சாய்ந்திருக்கும். ஒன்று அல்லது இரண்டு டிகிரிதான். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மெக்கானிக்குகள் இதைக் "கேம்பர்" என்பார்கள். கம்பெனிக்காரர்கள் தெரிந்தேதான் இப்படி வைக்கிறார்கள். வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் வெளிப்பக்கம் சாயும். அப்போது இந்தச் சக்கரம் ரோட்டில் தட்டையாகப் படிந்து, பிடித்துக்கொள்ளும்.

பந்தயத்துக்கு இது சரி. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலும், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்த பிறகும், மெக்கானிக்குகளுக்கு இது அரிச்சுவடிப் பாடம். 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தபோது, வேடிக்கை பார்த்தவர்கள் பந்தயக் கார்களின் முன்சக்கரத்தை உற்றுப் பார்த்திருந்தால் அந்தச் சாய்வு தெரிந்திருக்கும்.

ஆனால் பந்தயக் கார் ஓடி நின்றதும் ஆள் ஓடி வந்து டயரைத் தடவிப் பார்க்கிறான். காற்றை அளக்கிறான். ஊருக்குள் ஓடும் காருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அது தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்கு நேர்கோட்டில்தான் போகிறது. அதுவும் நெரிசலில் ஊர்ந்து! வளைவே இல்லாத ஓட்டத்தில், சாய்ந்த சக்கரத்தின் உள் ஓரம் மட்டும் பாரம் சுமக்கிறது. அது மட்டும் தேய்கிறது.

சாய்வு மட்டும் என்றால் தேய்மானம் மெதுவாகத்தான் இருக்கும். அதோடு சக்கரம் நேர்திசையிலிருந்தும் விலகினால் போச்சு! "டோ" என்று சொல்கிறார்களே, அதுதான் இது. ஒரு மனிதன் பாதங்களை உள்ளே திருப்பியோ வெளியே விரித்தோ நடப்பது மாதிரி. ஒரு சக்கரம் கால் டிகிரி விலகி நின்றால் என்ன ஆகும்? கணக்குப் போட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4 மீட்டருக்கு மேல் அந்த டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 30 கிலோமீட்டர் போனால் சுமார் 130 மீட்டர்! ரப்பரைத் தார் ரோட்டில் வைத்து உரசுவதற்குச் சமம்.

கால் டிகிரி விலகுவதற்கு ஒரு பள்ளம் போதும். கேபிளுக்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய குழியில் சக்கரம் ஒரு தடவை 'தடால்' என்று இறங்கினால் டை ராடு வளையலாம், புஷ் கிழியலாம். சப்பையான டயர் போட்ட காருக்கு அடி இன்னும் பலம். இதில் மாநகராட்சிக்கும் பங்கு உண்டு.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. சில இளைஞர்கள் அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டி, காரைத் தரையோடு தரையாக இறக்கிவிடுகிறார்கள். கார் இறங்கினால் சக்கரச் சாய்வு கூடும், திசையும் மாறும். பிறகு அளவு பார்க்காமலே ஓட்டுகிறார்கள். ஸ்பிரிங்குக்குச் செலவழித்தவர்களுக்கு அலைன்மென்டுக்குப் பணம் இல்லையா?

சாய்வோடு விளையாடினால் என்ன நடக்கும் என்பதை உலகமே ஒரு தடவை பார்த்தது. 2013 ஜூன் 30-ல் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஃபார்முலா 1 பந்தயம். முன்னணியில் போய்க்கொண்டிருந்த ஹாமில்டனின் பின் டயர் கிழிந்து பறந்தது. அடுத்து மஸ்ஸா. அடுத்து வெர்ன். டயர் செய்த பிரெல்லி கம்பெனி சொன்ன காரணங்களில், அளவு மீறிய சாய்வும் குறைந்த காற்றும் இருந்தன. பின் டயர்களை இடம் மாற்றி மாட்டியதும், தடத்தின் ஓரக் கல்லும் மற்ற காரணங்கள். அதன் பிறகு சாய்வுக்கு உச்சவரம்பும் காற்றுக்குக் குறைந்தபட்ச அளவும் கட்டாயம் ஆயின.

அங்கே காவலுக்கு வேலி இருந்தது. டிரைவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. சென்னையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் உள் ஓரம் மொட்டையான டயர் வெடித்தால், பக்கத்தில் யார்? ஆபீஸ் முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும் குமாஸ்தா. பஸ்சுக்கு நிற்கும் பெண்கள். ரோட்டோரத்தில் இளநீர் வெட்டுகிறவர். மழை நாளில் வெடிக்கக்கூட வேண்டாம். தண்ணீரை ஒதுக்கித் தள்ளப் பட்டன் இல்லாவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். பிரேக்கை மிதித்தாலும் நிற்காது.

பார்ப்பது யார்?

காரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? வாடகைக் கார் எப்.சி.க்குப் போகிறது. அங்கேயாவது ஒருவர் டயரை எட்டிப் பார்ப்பார். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதுவரை பரிசோதனை கிடையாது! போக்குவரத்துப் போலீசார் கறுப்புக் கண்ணாடியைப் பிடிக்கிறார்கள், நம்பர் பிளேட்டைப் பிடிக்கிறார்கள், சைலன்சர் சத்தத்தைப் பிடிக்கிறார்கள். நல்லதுதான். டயரை நிமிர்ந்தபடியே பார்த்துவிட்டு விடுகிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் வெளி ஓரம்தானே தெரியும்?

கார் வைத்திருப்பவர்கள் குனிய வேண்டும். முன் டயருக்கு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள் ஓரம் தெரிந்துவிடும். பின் டயர்தான் ஏமாற்றும். வேகக் கார் பலவற்றில் பின்சக்கரம் அகலமாகவும் மட்கார்டுக்குள் புதைந்தும் இருக்கிறது. அதற்குக் காரை மேலே தூக்கித்தான் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் என்பதால் மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் வழி இல்லை.

கடைக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஈயம் ஒட்டி பேலன்சிங் மட்டும் செய்துவிட்டு, "எல்லாம் பாத்தாச்சு சார்" என்று அனுப்பக் கூடாது. பேலன்சிங் ஸ்டியரிங் ஆட்டத்தை நிறுத்தும், சாய்வைத் திருத்தாது. முன்சக்கரத்தை மட்டும் திருத்தினாலும் போதாது. பின்சக்கரமும் தனித்தனியாகத் திருத்தக்கூடிய கார்கள் இவை. நாலு சக்கரத்தையும் அளந்து, திருத்துவதற்கு முன் என்ன அளவு, பின் என்ன அளவு என்று மெஷின் அச்சடிக்கும் சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டில் இருப்பது அதே மாடல் காரின் அளவுதானா என்று பார்ப்பது கார்க்காரர் வேலை. புஷ் தேய்ந்திருந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்று வைத்த அளவு நிற்காது.

அரசாங்கத்துக்கு ஒரு யோசனை. புகைச் சோதனைக்கு எல்லாக் காரும் வந்துதான் ஆக வேண்டும். குழாயைச் சைலன்சரில் சொருகும் அதே பையன், அதே இரண்டு நிமிஷத்தில், நாலு டயரின் உள் ஓரத்தையும் பார்த்துச் சர்டிபிகேட்டில் ஒரு வரி எழுதலாம். புது மெஷின் எதுவும் வாங்க வேண்டாம். கையில் ஒரு டார்ச் லைட் போதும்.