தாயும் கன்றும் வேடிக்கைப் பொருளா?

பணம் கட்டித் திமிங்கிலத்தோடு நீந்திவரப் பினாங்கிலிருந்து புறப்படும் தோழர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். பசிபிக்கின் டோங்கா தீவுகளில் ஒரு வேளைக்கு நால்வரும் ஒரு வழிகாட்டியும் மட்டுமே நீரில் இறங்கலாமாம்; ஆதலால் தீங்கில்லையாம்! கூன்முதுகுத் திமிங்கிலம் அங்கு வருவது ஈன்று பாலூட்டவன்றோ? இரையின்றி, தன் கொழுப்பையே கரைத்துக் கன்றை வளர்க்கும் தாய்க்கு ஓய்வே உயிர். நால்வர் ஏற, அடுத்த நால்வர் இறங்கினால் அவளுக்கு ஓய்வேது? இலங்கையோ, திமிங்கிலம் காணச் செல்லும் படகுக்கே 2012-இல் 100 மீட்டர் எல்லை வகுத்தது. தோட்டத்து லயக் கதவைக் கேளாமல் திறந்த அதிகாரத்தை வெறுத்தவர் நம் முன்னோர். கட்டணச் சீட்டு வாங்கியதால் அவ்வதிகாரம் நமக்கு உரிமையாகுமோ? தூர நின்று காண்பதே மனிதத் தன்மை.