அந்த வீடியோவில் நீங்கள் சிரித்த இடம்

பதிவு நீளம். கொஞ்சம் கோபமாகவும் இருக்கும். 34 வருடம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்குச் சுருக்கமாகப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் வீட்டுக் காதுகுத்து முடிந்த மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. மண்டபத்து ஜமுக்காளத்தில் மல்லாந்து படுத்து நம் உறவுக்காரர் ஒருவர் குறட்டை விடுகிறார். பெயர் வேண்டாம், குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "டிராக்டர் கிளம்பிருச்சு" என்று அதற்குத் தலைப்பு வேறு. வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "குடுத்து வச்ச மனுசன், படுத்ததும் தூங்கிர்றார்" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார்.

வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது. நடுவில் சத்தம் நின்றுவிடுகிறது. வயிறு மட்டும் ஏறி இறங்குகிறது, மூக்கிலும் வாயிலும் ஒன்றும் இல்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். 19 நொடி. அப்புறம் பன்றி உறுமுவதுபோல ஒரு சத்தம், தலை ஒரு தூக்குத் தூக்குகிறது, மறுபடி குறட்டை. அந்த உறுமல் வரும் இடத்தில்தான் படம் பிடித்தவனுக்குக் கை ஆடும் அளவுக்குச் சிரிப்பு. நீங்கள் எல்லாரும் சிரித்ததும் அந்த இடத்துக்குத்தான். ஒரு மனிதருக்கு 19 நொடி மூச்சு நின்றிருக்கிறது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், இதே சிரிப்பை நானும் பல வருடம் சிரித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அப்படித்தான் தூங்குவார். பேப்பரைக் கையில் எடுத்தால் தூக்கம். டிவி முன்னால் தூக்கம். கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்தால் தூக்கம். "கவலை இல்லாத மனுசன்" என்று என் அம்மாவுக்குக்கூட அவர்மேல் பெருமை. ராத்திரி நான்கு தடவை பாத்ரூம் போவார், சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்தோம். காலையில் தலைவலி, வாய் வறண்டு கிடக்கும். பிபிக்கு ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது, பிபி மட்டும் இறங்கவில்லை. மாத்திரை எழுதிய டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், ஊறுகாயை நிறுத்தச் சொன்னார். "ராத்திரி எப்படித் தூங்குறீங்க?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒரு நாள் நான்குவழிச் சாலையில் காரை நடுத்திட்டில் ஏற்றினார். பட்டப்பகல், வண்டியில் நானும் பேத்தியும். கண்ணயர்ந்ததே தெரியாது என்றார்.

அதற்கப்புறம் பார்த்த டாக்டர் ஒருவர் அவரை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்: "அம்மா, தூக்கத்துல இவருக்கு மூச்சு நிக்குதா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிற்கும். நான் எண்ணியிருக்கிறேன். கணக்கு டீச்சர் புத்தி, தூக்கம் வராத ராத்திரிகளில் ஒன்று இரண்டு என்று இருபத்தெட்டு வரைக்கும்கூட எண்ணியிருக்கிறேன். ஆனால் அது சொல்ல வேண்டிய விஷயம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இது என்ன என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன். பாக்கெட் ஜூஸை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா நடுவில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? தொண்டையும் அப்படி ஒரு மெத்தென்ற குழாய்தான். தூங்கும்போது அதன் தசைகள் தளர்கின்றன, நாக்கின் அடிப்பக்கம் பின்னால் சரிகிறது. குழாய் ஒடுங்கினால் காற்று அதிர்ந்து போகும், அது குறட்டை. முழுக்க ஒட்டிக்கொண்டால் மூச்சு நிற்கும், அதற்குப் பெயர் ஸ்லீப் அப்னியா. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பயந்துபோய் உடம்பை உலுக்கும், இரண்டு மூன்று நொடி விழிப்பு வரும், தொண்டை திறக்கும். காலையில் ஆளுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு உலுக்கலிலும் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். மூச்சு முழுதாக நிற்பதும், பாதியாகக் குறைவதும் சேர்த்து மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால் கோளாறு, 30-க்கு மேல் போனால் கடுமையான கோளாறு. என் வீட்டுக்காரருக்குச் சோதனையில் வந்தது 41. ஏழு மணி நேரத் தூக்கத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒரே ராத்திரியில் 287 முறை கழுத்தை நெரித்து நெரித்து விட்டதற்குச் சமம். இதைத்தான் நாம் நிம்மதியான தூக்கம் என்கிறோம்.

"இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன் வியாதி டீச்சர்" என்று ஒரு மாணவன் போனில் சொன்னான். நன்றாகப் படித்த பையன், அதுதான் வருத்தம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநில அரசு ஊழியர்கள் 602 பேரை ராத்திரி முழுக்கத் தூங்கவைத்துச் சோதித்து 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரும் 30 முதல் 60 வயதுக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகள் இல்லை, ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்த சாதாரண ஜனங்கள். ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் பெண்களில் 9 சதவீதம் பேருக்கும் மணிக்கு 5 தடவைக்குக் குறையாமல் மூச்சுத் தடைபட்டது. அதே ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். தடை 15-க்கு மேல் இருந்தவர்களுக்கு, தடையே இல்லாதவர்களைவிட, நான்கு வருடத்துக்குப் பின் ரத்தக்கொதிப்பு இருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2000-ல் எழுதினார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அச்சில் இருக்கிற சங்கதி. பிபி பார்க்கிற அறையில் இன்னும் உப்பைப் பற்றி மட்டும் பேசினால் எப்படி?

அடுத்த வாதம், "எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் குறட்டை விட்டார், ஒண்ணும் ஆகல." இருக்கட்டும். குறட்டை விடுகிற எல்லாருக்கும் இந்தக் கோளாறு இல்லை, நான் அப்படிச் சொல்லவும் இல்லை. குறட்டைக்கு நடுவே நிசப்தம் வருகிறதா, மூச்சுத் திணறி உறுமுகிறாரா, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறாரா என்று பாருங்கள் என்கிறேன். தாத்தாவுக்கு அது இருந்ததா என்று பாட்டியைத்தான் கேட்க வேண்டும். பாட்டியை யார் கேட்டோம்?

"குண்டா இருக்கிறவங்களுக்குத்தான் வரும்" என்பது இன்னொன்று. எடை பெரிய காரணம், மறுக்கவில்லை. எடை 10 சதவீதம் கூடினால் மூச்சுத்தடை சுமார் 32 சதவீதம் கூடுகிறது என்பதும் அந்த விஸ்கான்சின் கணக்குதான். ஆனால் தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தால் ஒல்லிக்குச்சிக்கும் வரும். நம்மைப்போன்ற ஆசியர்களுக்கு மேற்கத்தியர்களைவிடக் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. ராத்திரி "நல்லா தூங்கணும்னு" இரண்டு ரவுண்டு போடுகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். மது அந்தத் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். மூக்கில் முகமூடி மாட்டி, காற்றை லேசான அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைக்கும் கருவி, சிபாப் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981-ல் இந்த முறையை வெளியிட்டார். முதலில் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்டுத்தான் காற்றை ஊதவைத்தாராம். "எல்லாம் மெஷின் விக்கிற தந்திரம்" என்று கொழுந்தனார் சொன்னார். அவருக்கு ஒரு பாதி நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். ஏற்கெனவே இதயநோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த 2,717 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2016-ல் வந்தது. மெஷின் வைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. இதை மறைத்துவிட்டு மெஷினை விற்கிறவன் ஏமாற்றுக்காரன்தான். அதே ஆய்வில் அவர்கள் மெஷினை மாட்டிக்கொண்டது சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம். பாதிப் பரீட்சை எழுதிவிட்டு மார்க் வரவில்லை என்றால்? அப்படியும் அவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது. ஸ்டியரிங் பிடிக்கிற மனிதருக்குப் பகல் தூக்கம் குறைவது சின்ன விஷயமா? என் வீட்டுக்காரர் முதல் மாதம் முகமூடியைக் கழற்றி எறிந்தார். "யானை மாதிரி இருக்கேன்" என்றார். இப்போது ஊருக்குப் போனாலும் துணிப்பையோடு அந்தப் பையும் போகிறது. பிபி மாத்திரை மூன்றில் ஒன்றை டாக்டரே நிறுத்தியிருக்கிறார்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆண் குறட்டை விட்டால் கேலி, பெண் குறட்டை விட்டால் அவமானம். மருமகள் குறட்டை விடுகிறாள் என்று பெண்ணைப் பெற்றவர்களிடம் புகார் சொன்ன வீடு நம் சொந்தத்திலேயே உண்டு. அதனால் மறைக்கிறோம். உடம்பு அசதி, தலைவலி, மனசு சரியில்லை என்று வேறு வேறு பெயரில் மாத்திரை சாப்பிடுகிறோம். விஸ்கான்சினிலேயே ஓரளவுக்கு மேல் கோளாறு இருந்த பெண்களில் 93 சதவீதம் பேருக்கு அது இருப்பதையே எந்த டாக்டரும் கண்டுபிடித்திருக்கவில்லை. ஆண்களில் 82 சதவீதம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது அதிகமாகிறது. அக்கா தங்கைகளே, மகள் வீட்டுக்குப் போனால் சத்தம் கேட்குமோ என்று விடிய விடிய விழித்திருக்கிறீர்களே, அதை விட்டுவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான விஷயம்.

நான்காம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். முதல் பீரியடிலேயே தலை சாயும். வாய் எந்நேரமும் திறந்தே இருக்கும். "வாயை மூடுறா, ஈ பூந்துரும்" என்பேன். கும்பகர்ணன் என்று பெயர் வைத்தவள் நான்தான். வகுப்பே அப்படிக் கூப்பிட்டது. பெஞ்சுமேல் நிற்கவைத்தால் நின்றுகொண்டே தூங்கி ஒரு தடவை விழுந்திருக்கிறான். அவன் அம்மா ஒரு நாள் வந்து, "ராத்திரி பூரா உருண்டுக்கிட்டே இருக்கான் டீச்சர், பெரிய ஆள் மாதிரி குறட்டை வேற" என்றார். "சீக்கிரம் படுக்கப் போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்தோம், பாடத்திட்டம் எழுதப் படித்தோம். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்று ஒரு சதை இருக்கிறது, அதுவும் டான்சிலும் வீங்கினால் குழந்தை ராத்திரி மூச்சுக்குத் திணறும், பகலில் தூங்கி வழியும், அல்லது ஓரிடத்தில் நிற்காமல் ஆடும் என்று ஒரு வரி சொல்லித் தரவில்லை. தெரியாத விஷயமா என்றால் இல்லை. குழந்தைகளின் "மந்தத்துக்கு" மூக்கடைப்பும் ஒரு காரணம் என்று லண்டன் டாக்டர் ஒருவர் 1889-லேயே எழுதியிருக்கிறார். 1998-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. முதல் வகுப்பில் கடைசி மார்க் வாங்கிய 297 குழந்தைகளைப் பார்த்தார்கள். 54 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக்கோளாறு. அதில் 24 பேர் டான்சில், அடினாய்டு ஆபரேஷன் செய்துகொண்டார்கள், மற்ற 30 பேரின் பெற்றோர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அடுத்த வருடம் ஆபரேஷன் செய்த பிள்ளைகளின் மார்க் ஏறியது, மற்றவர்களுடையது அப்படியே நின்றது. ஆபரேஷன் செய்தால் எல்லாரும் முதல் ராங்க் வாங்குவார்கள் என்று அர்த்தமில்லை. 2013-ல் வந்த இன்னும் கட்டுப்பாடான ஆய்வில் கவனச் சோதனை மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. பிள்ளைகளின் நடத்தையும் தூக்கமும் நன்றாகவே மாறின. ஒரு பிள்ளை பகலில் விழித்திருந்தால் அப்புறம் சொல்லிக்கொடுப்பது என் வேலைதானே.

என்னிடம் படித்தவர்களில் இப்போது பதினோரு பேர் ஆசிரியர்கள். உங்கள் வகுப்பிலும் ஒரு தூங்குமூஞ்சி இருக்கும். பெயர் வைப்பதற்கு முன்னால் அவன் அம்மாவிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ராத்திரி குறட்டை விடுறானா, வாயால மூச்சு விடுறானா?" ஆமாம் என்றால் அரசு ஆஸ்பத்திரி காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அனுப்புங்கள். அந்தப் பையன் இதைப் படிக்கிறானா தெரியாது. படித்தால், தம்பி, எனக்கு ஒரு போன் பண்ணு. மன்னிப்பு கேட்க வேண்டியது நான்.

கடைசியாகக் குழுவுக்கு. அந்த வீடியோவை எடுத்தவன் இன்று ராத்திரிக்குள் குழுவிலிருந்து நீக்க வேண்டும். நீக்குவதற்கு முன்னால் அவர் மனைவியின் போனுக்கு மட்டும் அனுப்பி வை, வியாழக்கிழமை டாக்டரிடம் காட்டுவதற்கு வேண்டும். அப்பாயின்ட்மென்ட் நான் வாங்கிவிட்டேன், காலை 10 மணிக்கு. அன்றைக்கு அவர் வண்டி ஓட்டக்கூடாது, யாராவது ஒருவர் காரோடு வாருங்கள்.