மிதிபடாத உச்சி

டார்ஜிலிங் நகருக்கு அருகே டைகர் ஹில் என்றொரு மேடு உண்டு. கடுங்குளிரையும் பொருட்படுத்தாது, விடியலுக்கு முன்பே மக்கள் அங்குத் திரண்டு நிற்பர். ஊர்களும் தேயிலைத் தோட்டங்களும் இருளில் மூழ்கியிருக்கும்போதே, வடதிசையில் வானுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு பனிச்சுவர் மெல்லச் சிவக்கத் தொடங்கும். முதலில் உச்சி, பின்னர்த் தோள், அதன்பின் சரிவு எனக் கதிரொளி படிப்படியாகக் கீழிறங்கும். அதுவே கஞ்சன்ஜங்கா. உயரம் 8586 மீட்டர். எவரெஸ்ட், கே2 ஆகியவற்றுக்கு அடுத்து உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரம் இது. இதன் மேற்குப் பக்கம் நேபாளத்தையும் கிழக்குப் பக்கம் சிக்கிமையும் சேர்ந்தவை.

உயர்ந்த மலை ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால், “அதன்மேல் முதலில் கால்வைத்தவர் யார்?” என்று கேட்பதே உலக வழக்கம். கஞ்சன்ஜங்காவைப் பொறுத்தவரை அவ்வினா பொருந்தாது. “ஏறியவர் எங்கே நின்றார்?” என்பதே இங்குக் கேட்கத்தக்க வினா.

இம்மலை ஒரு காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்ததாகக் கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றிய நில அளவைப் பணியின் தொடக்கம் சென்னையில் என்பது பலர் அறியாத செய்தி. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அலுவலர், பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அந்த ஒரு கோட்டின் இரு முனைகளிலிருந்து கோணங்களைக் கணித்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகப் பின்னிக்கொண்டே சென்ற அளவையாளர்கள் அரை நூற்றாண்டுக்குள் இமயத்தின் அடிவாரத்தை எட்டினர். நேபாளத்துக்குள் நுழைய அவர்களுக்கு இசைவு இல்லை. ஆகவே தொலைவிலுள்ள சமவெளியில் கருவிகளை நிறுத்தியே சிகரங்களை அளந்தனர். மலையின் உயரத்தை அறிய அதன்மீது கால்வைக்க வேண்டியதில்லை! கணக்கிடும் பணியில் முதன்மையானவராக விளங்கியவர் வங்காளத்தைச் சேர்ந்த இராதாநாத் சிக்தர். 1852ஆம் ஆண்டளவில், ‘சிகரம் 15’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலை கஞ்சன்ஜங்காவைவிட உயர்ந்தது எனக் கணக்குகள் காட்டின. 1856இல் அது முறையாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சிகரத்துக்கு ஓர் ஆங்கிலேய அலுவலரின் பெயர் வந்து சேர்ந்தது. முதலிடத்தை இழந்த கஞ்சன்ஜங்காவோ தன் பெயரைக் காத்துக்கொண்டது. இழப்பும் பேறும் இப்படி மாறி அமைவதுண்டு.

அப்பெயருக்குப் ‘பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள்’ என்பது பொருள். மலையின் ஐந்து முடிகளையே அது குறிக்கிறது. உப்பு, பொன்னும் மணியும், மறைநூல்கள், படைக்கலங்கள், தானியமும் மருந்தும் ஆகியவை அங்கே புதைந்துள்ளன என்று சிக்கிம் மக்கள் கூறுவர். அந்நிலத்தின் தொல்குடியினரான லெப்சா மக்களின் நம்பிக்கை இன்னும் நெருக்கமானது. படைப்புத் தாய் இம்மலையின் தூய பனியை எடுத்தே தங்கள் முதல் மூதாதையரை உருவாக்கினாள் என்பர் அவர்கள்.

லெப்சா மக்கள் வாழ்ந்த அந்நிலத்துக்குத் திபெத்திலிருந்து பூட்டியா மக்கள் வந்தனர். வந்தவருள் ஒரு தலைவர் கை பும்சா. மகப்பேறு இல்லாத அவர், லெப்சா மக்களின் முதுதலைவரான தெகோங் தெக்கை நாடி வாழ்த்துப் பெற்றார் என்றும், பின்னர் அவருக்கு ஆண்மக்கள் பிறந்தனர் என்றும் மரபுக் கதை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகக் கருதப்படும் இந்நட்பு ஓர் உடன்படிக்கையாக முதிர்ந்தது. காங்டாக்குக்கு வடக்கே காபி லுங்சோக் என்னுமிடத்தில் இருவரும் குருதி உடன்பிறப்புச் சூளுரைத்துக் கல் நட்டனர். மண்ணின் மக்களும் வந்து குடியேறிய மக்களும் உடன்பிறந்தாராக வாழ்வர் என்பதே அச்சூள். அதற்குச் சான்றாக அவர்கள் அழைத்தது கஞ்சன்ஜங்காவை. இன்றும் ஆண்டுதோறும் பாங் லப்சோல் என்னும் விழாவில் முகமூடி அணிந்து ஆடி, மலைத்தெய்வத்துக்கு நன்றி செலுத்துகின்றனர். சான்றாக நின்ற தெய்வத்தின் தலையில் யார்தான் கால்வைக்கத் துணிவர்?

வெளியிலிருந்து வந்தவர்க்கு இது தெரியாது, தெரிந்தாலும் பொருட்டில்லை. 1899இல் டக்ளஸ் ஃபிரெஷ்ஃபீல்டு என்பவர் மலையைச் சுற்றி வந்தார். 1905இல் யாலுங் பனியாற்றின் வழியாக ஏற முயன்ற குழு, தனக்குள்ளேயே பிளவுபட்டது. இறங்கிச் சென்றவர்களைப் பனிச்சரிவு விழுங்க, அலெக்சிஸ் பாஷே என்பவரும் சுமைதூக்கிகள் மூவரும் மாண்டனர். மேல்முகாமில் இருந்த அலிஸ்டர் குரௌலி அன்று உதவிக்கு இறங்கவில்லை. மலையேற்ற வரலாற்றில் இத்தகைய பக்கங்களும் உண்டு. 1929, 1931 ஆகிய ஆண்டுகளில் பவுல் பாவர் தலைமையில் செருமானியர் இருமுறை முயன்று திரும்பினர். இடையே 1930இல் வந்த பன்னாட்டுக் குழு, செத்தான் என்ற செர்பாவைப் பனிச்சரிவில் இழந்தது. இந்த இறப்புகளையெல்லாம் மலைத்தெய்வத்தின் சினம் என்று கொள்ளவேண்டியதில்லை. வங்கக் கடலின் ஈரக்காற்று முதலில் மோதும் பேருயரச் சிகரங்களுள் இதுவும் ஒன்று. அங்குப் பனி மிகுதி; ஆதலால் சரிவும் மிகுதி.

எவரெஸ்ட் ஏறப்பட்டு ஈராண்டு கழிந்தபின், 1955இல், சார்லஸ் எவான்ஸ் தலைமையில் பிரித்தானியக் குழு ஒன்று புறப்பட்டது. எவான்ஸ் ஓர் அறுவை மருத்துவர். 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் அவர் துணைத் தலைவராக இருந்தார். அவ்வாண்டு மே 26ஆம் நாள், அவரும் டாம் போர்டில்லனும் எவரெஸ்டின் தென்முடிவரை ஏறிவிட்டனர். உச்சி இன்னும் நூறு மீட்டர் உயரத்தில் கண்ணெதிரே நின்றது. உயிர்வளிக் கருவி பழுதுபட்டிருந்தது, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. இருவரும் திரும்பினர். மூன்று நாள் கழித்து ஹிலாரியும் டென்சிங்கும் அவ்வுச்சியை அடைந்தனர். உலகம் அவ்விருவர் பெயரை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. எட்டும் தொலைவில் இருந்ததை விட்டுத் திரும்புவது எத்தகையது என்பதை எவான்ஸ் அளவுக்கு அறிந்தவர் அன்று வேறெவரும் இலர்.

குழு ஏறவிருந்தது நேபாளப் பக்கத்திலிருந்து. இசைவு தந்தது நேபாள அரசு. சட்டப்படி சிக்கிமைக் கேட்கவேண்டிய தேவையே இல்லை. ஆயினும், மலை மாசுபடக்கூடாது என்னும் சிக்கிம் தரப்பின் கவலையை எவான்ஸ் செவிமடுத்தார். உச்சியை அடைய இயலும் என்று உறுதியானதும் அதற்கு மேல் செல்வதில்லை என்றும், உச்சியை மிதிப்பதில்லை என்றும் வாக்களித்தார்.

மே 25ஆம் நாள் ஜோ பிரௌனும் ஜார்ஜ் பேண்டும் இறுதி முகாமிலிருந்து ஏறினர். உச்சிக்குச் சற்றுக் கீழே செங்குத்தான பாறை ஒன்று வழியை மறித்தது. மான்செஸ்டரில் கட்டட வேலை செய்து வாழ்ந்த பிரௌன் பாறையேற்றத்தில் வல்லவர். அப்பாறையின் வெடிப்பில் கையையும் காலையும் செருகி அவர் மேலேறினார்; கடல்மட்டத்திலேயே மூச்சிரைக்கவைக்கும் ஏற்றம் அது. மேலே சென்று பார்த்தால், சில அடி தொலைவில் மெல்லிய சாய்வாகப் பனிமுடி. தடை எதுவும் இல்லை. குழந்தைகூட நடந்து ஏறக்கூடிய மேடு. இருவரும் அங்கேயே நின்றனர். மறுநாள் நார்மன் ஹார்டியும் டோனி ஸ்ட்ரீதரும் வந்தனர்; அவர்களும் அவ்விடத்திலேயே நின்று திரும்பினர். அதே நாளில் கீழ்முகாமில் பெமி தோர்ஜி என்னும் செர்பா நோயுற்று இறந்தார். இப்பயணத்தின் வெற்றியைக் கூறுவோர் அவர் பெயரையும் சேர்த்தே கூறவேண்டும்.

அந்தச் சில அடிகளைக் காவல் காக்க அங்கு எவரும் இல்லை. ஏறியிருந்தாலும் கீழே எவருக்கும் தெரிந்திராது. காற்று ஒரு நாழிகையில் சுவட்டை அழித்திருக்கும். பேண்டும் பிரௌனும் வாக்களித்த தலைவரோ பல்லாயிரம் அடி கீழே இருந்தார். இந்நிலையில் வாக்கைக் காத்ததே அப்பயணத்தின் அருஞ்செயல். பாறை வெடிப்பில் ஏறியது அதற்கு அடுத்ததே.

இதை மறுப்போர் இரு வகையினர். நம்பிக்கை என்பது நம்புவோரை மட்டுமே கட்டுப்படுத்தும்; மலை மாந்தர் அனைவர்க்கும் பொது என்பர் ஒரு சாரார். பொது என்பதால்தான் அங்கே வாழ்வோரின் சொல்லுக்கும் இடம் வேண்டும் என்பது அவர்க்கு விடை. கோயிலுக்குள் செல்வோர் அனைவரும் கருவறை வாயிலில் நிற்கின்றனர். நம்பிக்கை இல்லாத விருந்தினரும் அங்கே நிற்கிறார். அதனால் அவர் எதையும் இழப்பதில்லை.

மற்றொரு சாராரின் வினா கூர்மையானது. “எட்டாயிரம் மீட்டரையும் மிதித்துவிட்டு, இரண்டு மீட்டரை மட்டும் விட்டுவைப்பது மரியாதையா, நடிப்பா?” என்று அவர்கள் கேட்கின்றனர். சிக்கிமிலேயே இவ்வாறு கேட்போர் உளர். மலையில் ஏறுவதே குற்றம் என்பது அவர்கள் கொள்கை. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. உச்சிக்குக் கீழே நிற்பது முழுமையான வணக்கம் அன்று. அது ஓர் உடன்பாடு. ஏற விரும்பியவர் சிறிது விட்டுக்கொடுத்தார். ஏறக்கூடாது என்றவர் பெரிதும் விட்டுக்கொடுத்தார். அவ்வாறிருக்க, ஏறுவோர் தம் பங்கான அந்தச் சிறிதளவையும் மீறுவாராயின், அதற்குச் சொல்லத்தக்க நியாயம் எதுவுமில்லை.

1975இல் சிக்கிம் இந்தியாவுடன் இணைந்தது. 1977இல் கர்னல் நரேந்திர குமார் தலைமையில் இந்தியப் படையினர், செருமானியர் தோற்றுத் திரும்பிய வடகிழக்கு முகட்டின் வழியே ஏறினர். மே 31ஆம் நாள் மேஜர் பிரேம் சந்தும் நாயக் நீமா தோர்ஜி செர்பாவும் உச்சியை அடுத்து நின்று, அதனைத் தொடாமல் மீண்டனர். 1979இல் உயிர்வளி உருளையின்றி வடமுகட்டில் ஏறிய டக் ஸ்காட் குழுவினரும் அவ்வாறே செய்தனர். பின்னாளில் எல்லோரும் இதைக் கைக்கொண்டனர் என்று கூறுவதற்கில்லை. உச்சியில் நின்று ஒளிப்படம் எடுத்தால்தான் ஏறியதற்குச் சான்று என்னும் எண்ணம் வலுத்துவிட்டது.

சிக்கிம் அரசு 2001இல் கஞ்சன்ஜங்கா உள்ளிட்ட புனிதச் சிகரங்களில் ஏறுவதைத் தடைசெய்தது. 2016இல் கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்கா யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது. இயற்கை, பண்பாடு ஆகிய இரண்டின் சிறப்புக்காகவும் அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் இந்திய மரபிடம் இதுவே. எனினும் 2019இல் வெளிநாட்டு மலையேற்றத்தினர்க்கென நடுவணரசு திறந்துவிட்ட 137 சிகரங்களின் பட்டியலில் கஞ்சன்ஜங்காவின் பெயரும் இடம்பெற்றது. சிக்கிமில் எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பு நியாயமானதே. சுற்றுலாவால் வரும் வருவாய் மலைநாட்டுக்குத் தேவை. அதற்குக் காட்டுவழிகளும் பள்ளத்தாக்குகளும் பிற சிகரங்களும் நிரம்ப உள்ளன. சான்றாக அழைக்கப்பட்ட ஒரு மலையை அவ்வருவாய்க் கணக்கில் சேர்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. சிக்கிம் பக்கம் மூடியே இருக்கட்டும். நேபாளப் பக்கத்திலிருந்து ஏறுவோர், 1955இல் வகுத்த எல்லையில் நிற்கட்டும். அங்கே நின்றவர்களை ‘ஏறியவர்’ என்று ஏற்பதில் மலையேற்ற வரலாற்றாசிரியர்கள் ஒருபோதும் தயங்கியதில்லை. முதல் ஏற்றம் என்ற பெருமை இன்றுவரை பிரௌனுக்கும் பேண்டுக்குமே உரியதாக உள்ளது.

அப்பயணத்தைப் பற்றி எவான்ஸ் எழுதிய ஆங்கில நூல் 1956இல் வெளிவந்தது. தம் குழுவினர் நால்வர் ஏறிவந்த மலையைப் பற்றிய அந்நூலுக்கு, கஞ்சன்ஜங்கா என்னும் பெயரை அடுத்து அவர் சூட்டிய துணைத்தலைப்பு, ‘மிதிபடாத உச்சி’ என்பதாகும்.