ரவுட்டரில் கதவைத் திறக்காதீர்கள்

"ஆபீசில் இருந்தபடியே வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள பைலைத் திறக்க முடியுமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பிராட்பேண்ட் இணைப்பும் பெற்றவர்கள் சில மாதங்களிலேயே கேட்கத் தொடங்கும் கேள்வி இது. முடியும். ஆனால் அதற்கு ரவுட்டரில் "போர்ட் பார்வர்டிங்" அமைத்துக் கொள்ளுங்கள் என்று பலர் சொல்லித் தருகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த வழி வேண்டாம் என்பதே என் கருத்து.

ரவுட்டர் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். வீட்டில் உள்ள கம்ப்யூட்டர், மொபைல் போன், டிவி என ஒவ்வொன்றுக்கும் அது ஒரு முகவரி தருகிறது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் இந்த முகவரி வீட்டிற்குள் மட்டுமே செல்லும். வெளியே இன்டர்நெட்டுக்குத் தெரிவது ரவுட்டரின் முகவரி ஒன்றுதான். உள்ளே இருப்பவர் கேட்டு வரவழைத்த பார்சலை மட்டும் மேலே அனுப்பும் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் போல அது நடந்து கொள்கிறது. கேட்காமல் வரும் எதுவும் வாசலிலேயே நின்றுவிடும். முகவரித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வந்த ஏற்பாடு இது என்றாலும், நமக்கு நல்ல காவலாகவும் அமைந்துவிட்டது.

போர்ட் பார்வர்டிங் என்பது இந்த வாட்ச்மேனிடம், "3389 என்ற எண்ணைச் சொல்லி யார் வந்தாலும் என் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடு" என்று சொல்லி வைப்பது. 3389 என்பது விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வசதிக்கான போர்ட் எண். இங்கே சிக்கலே "யார் வந்தாலும்" என்பதில்தான் இருக்கிறது.

"என் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது, யார் தேடி வரப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். உங்களை யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. புரோகிராம்கள் எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கின்றன. பழைய முறையில் உள்ள இன்டர்நெட் முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. 2013ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட இஸட்மேப் என்ற புரோகிராம், வேகமான இணைப்பு இருந்தால் இவை அனைத்திலும் ஒரு போர்ட்டை முக்கால் மணி நேரத்தில் சோதித்துவிடும். அதே வேலையைத் திருடர்களும் செய்கிறார்கள். போர்ட் எண்ணை மாற்றி வைத்தாலும் 65,535 எண்களுக்குள் கண்டுபிடித்துவிடலாம். தாமதம் ஆகுமே தவிர, தடுக்காது.

நல்ல பாஸ்வேர்ட் இருந்தால் போதாதா? 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் "புளூகீப்" என்ற ஓட்டை வெளிச்சத்திற்கு வந்தது. அதன் வழியே நுழைய பாஸ்வேர்டே தேவையில்லை. 2014லேயே கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் அப்போது அப்டேட் தர வேண்டி வந்தது. 2016ல் பரவிய "மிராய்" புரோகிராம், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அவற்றைக் கொண்டு அக்டோபர் 21 அன்று நடந்த தாக்குதலில் அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டர், நெட்பிளிக்ஸ் தளங்கள் திறக்கவில்லை.

பல இணைப்புகளில் போர்ட் பார்வர்டிங் வேலையே செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தரும் நிறுவனங்கள் உண்டு. ரவுட்டரின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்கள் இணைப்பும் அப்படிப்பட்டதுதான். எத்தனை முறை செட்டிங்ஸை மாற்றினாலும் பயன் இல்லை.

பிறகு என்னதான் வழி? பைல் மட்டும் போதும் என்றால் கூகுள் டிரைவ் அல்லது ஒன்டிரைவில் வைத்துக் கொள்ளுங்கள். முழுக் கம்ப்யூட்டரையும் இயக்க வேண்டும் என்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற வசதியைப் பயன்படுத்தலாம். இதில் உங்கள் கம்ப்யூட்டரே வெளியே சென்று தொடர்பு கொள்வதால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்கும் வசதி இல்லாத விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் இது இயங்கும். கூகுள் அக்கவுண்ட்டுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பை அவசியம் அமைத்திடுங்கள். வீட்டு நெட்வொர்க் முழுவதும் தேவைப்படுபவர்கள், ரவுட்டர் இடம் தந்தால், விபிஎன் அமைப்பதே நல்லது.

இந்த வழியிலும் ஓர் ஆபத்து உண்டு. பேங்கில் இருந்து பேசுவதாகச் சொல்லி இத்தகைய புரோகிராமை இன்ஸ்டால் செய்யச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் எனிடெஸ்க் வழியாக நடக்கும் இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. போனில் யார் கேட்டாலும் இணைப்பு எண்ணைத் தராதீர்கள்.

கேமரா பொருத்த வந்தவரோ, இணைப்பு தர வந்தவரோ உங்களிடம் சொல்லாமலே போர்ட்டைத் திறந்து வைத்திருக்கலாம். எனவே இன்றே பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்திடுங்கள். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1. அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். போர்ட் பார்வர்டிங் பட்டியலில் உங்களுக்குத் தெரியாதது ஏதும் இருந்தால், பொருத்தியவரிடம் காரணம் கேளுங்கள். சரியான பதில் இல்லை என்றால் நீக்கிவிடுங்கள். யுபிஎன்பி, ரிமோட் மேனேஜ்மெண்ட் இரண்டையும் நிறுத்தி வையுங்கள். பத்து நிமிட வேலைதான். குடும்பப் போட்டோக்களும் பேங்க் விவரங்களும் உள்ள கம்ப்யூட்டருக்கு இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடலாம்.